ஏழாவது வெட்டு

என் தங்கை பியூலா ஜெயிக்க மாட்டாள் என்று பிறர் சொல்லி, அவள் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். 1895-இல் தொண்டைக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வார்டில் ஆறு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். வீடு திரும்பியவர்கள் இருவர். அதில் ஒருத்தி இவள். 1912-இல், பெண்களை உட்கார வைக்காத சவரக்கத்திப் பட்டறையில் பிடி போடும் மேசையைப் பிடித்தாள். 1921-இல் எங்கள் தேவாலயத்துப் பெந்தெகொஸ்தே திங்கள் விளையாட்டில், கரண்டியில் முட்டை ஏந்தி ஓடும் பந்தயத்தில், பதினெட்டு வயதுப் பெண்களைத் தாண்டி முப்பத்திரண்டு வயதில் முதலாவதாக வந்தாள். கரண்டியை இடது கையில் பிடிக்கலாமா என்று குழு கால் மணி நேரம் கூடிப் பேசியது. விதிகளில் கை எதுவென்று எழுதியிருக்கவில்லை. 1927-இல் படித்த ஒரு கனவானையும், அவருடைய புத்தகத்தையும், நூறு வருடமாக எஃகில் பதிந்து கிடந்த ஒரு பெயரையும் எதிர்த்து ஜெயித்தாள். நான் சொல்ல வந்தது இந்தக் கடைசிக் கதையை.

நான் அவளைவிட நான்கு வயது மூத்தவன். கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டில் டிராம் நடத்துநர் வேலை. பள்ளிக்கூடம் பன்னிரண்டு வயதோடு சரி. ஆனால் நாளும் நேரமும் குறித்து வைக்கும் பழக்கம் வேலையோடு வந்தது. ஆகவே கீழே உள்ள தேதிகளை நம்பலாம்.

பியூலாவுக்கு எல்லாமே இடது கைதான். 1896-இல் எங்கள் ஆசிரியை அவளுடைய இடது மணிக்கட்டை ஷூ கயிற்றால் பெஞ்சுக் காலோடு கட்டிவிட்டு வலது கையில் பேனாவைக் கொடுத்தார். எழுத்துகள் குடித்தவன் மாதிரி சாய்ந்து விழுந்தன. பிரம்படி விழுந்தது. மறுநாளும் கட்டினார்கள். மூன்றாம் நாள் கயிறு வருமுன்பே அவள் பேனாவை மைக்கூட்டுக்குள் தலைகீழாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பின் யார் அடித்தும் பேனாவைத் தொடவில்லை. வாசிப்பாள், மெதுவாக. கத்திகளில் அடித்த பெயர்களைப் பார்த்தே பாதி வாசிப்பைக் கற்றாள். எழுதமாட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் ஒரு பெருக்கல் குறி போடுவாள், பக்கத்தில் நான் சாட்சி போடுவேன்.

பதினெட்டு வயதில் கத்திகளுக்கு மெருகேற்றும் பட்டறைக்குப் போனாள். அழுக்குப் படாமலிருக்க இடுப்பில் பழுப்புக் காகிதம், தலையில் சிவப்புத் துணி, மாலையில் முகத்தில் பல்லைத் தவிர எல்லாம் கறுப்பு. ஆறு வருடம். பிறகு ஒரு நாள் சேத் என்ற சவரக்கத்திக்காரரின் பட்டறையில் பிடி போடுபவர் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டு, மதிய உணவு நேரத்தில் அங்கே போய், கேட்காமலே மேசையில் உட்கார்ந்து ஒரு கத்திக்குப் பிடி பொருத்தி ஆணி அடித்துக் கொடுத்தாள். சேத் அந்த ஆணியைத் தளர்த்தப் பார்த்தார், முடியவில்லை. "பீச்சாங்கைக்காரிய உள்ள விட்டா பட்டறை தலைகீழாப் போயிடும்னு சொல்வாங்க. போகட்டும், நாளைக்கு ஏழு மணிக்கு வா" என்றார். அன்று முதல் அவரோடுதான் இருக்கிறாள்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், உட்கார்ந்ததும் முதலில் கத்தியைத் திருப்பி அதில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்ப்போம். பாதிரியார் வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி. நல்ல பெயர் இருந்தால் தலையாட்டுவோம். முத்திரை இல்லாத கத்தி என்றால் அப்படியே வைத்துவிடுவோம், மறுபடி பார்க்கமாட்டோம். முத்திரை வேறு, செய்தவன் வேறு என்பதும் எங்களுக்குத் தெரியும். பெரிய கம்பெனிகள் தங்கள் பெயர் அச்சைச் சின்னப் பட்டறைக்காரர்களிடம் கொடுத்துவிடும். இவர்கள் வீட்டுக் கொல்லையில் கத்தி செய்து, எஃகைக் காய்ச்சி இறுக்குவதற்கு முன் கம்பெனிக்காரன் பெயரை அதில் அடித்துக் கொடுப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கண் முதலில் பெயரைத்தான் தேடும்.

பல வீடுகளுக்குப் பொதுவான எங்கள் முற்றத்தில், குழாயை ஒட்டிய வீட்டில், லோயிஸ் ஸ்டேசி என்ற விதவை இருந்தார். 1926-இல் அவருக்கு எழுபத்து நான்கு வயது. அவரிடம் ஒரு பழைய சவரக்கத்தி இருந்தது. கறுத்த கொம்புப் பிடி, ஆப்பு மாதிரித் தடித்த அலகு. அவருடைய தாத்தா ஜேபஸ் ஆர்ம்ஃபீல்ட் கம்பெனிக்குச் செய்தவற்றில் ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டது என்று அம்மா சொல்லக் கேட்டவர் லோயிஸ். ஜேபஸ் 1862-இல் இறந்தார். ஏழைகள் குழியில் ஏழு பேரோடு புதைத்தார்கள். கல் கிடையாது. வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் கத்தி செய்த மனிதரின் பெயர் உலகத்தில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. லோயிஸுக்கு அது ஒன்றுதான் மனக்குறை. பிள்ளைகள் இல்லை. அவருக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளும் இல்லை.

1926 நவம்பரில், ஊர்க் காட்சிச்சாலையில் பழைய சவரக்கத்திகளுக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்கள், வைத்திருப்பவர்கள் கொடுக்கலாம் என்று பேப்பரில் வந்தது. ஒவ்வொரு கத்திக்குக் கீழும் செய்தவர் பெயர் எழுதிய அட்டை இருக்கும் என்றும் போட்டிருந்தது. லோயிஸ் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். பொறுப்பில் இருந்தவர் ஆம்ப்ரோஸ் ஃபெல் என்ற கனவான். மரியாதையானவர்தான். கத்தியைத் திருப்பினார், அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள கழுத்தில் இருந்த பெயரை வாசித்தார், ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். கிரிம்வுட் அண்ட் சன்ஸ், சவரக்கத்தி தயாரிப்பாளர்கள், 1825 முதல் 1841 வரை. அட்டையில் அந்தப் பெயரை எழுதினார்.

லோயிஸ் தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஃபெல் புத்தகத்தில் தேடிக் காட்டினார். ஆர்ம்ஃபீல்ட் என்று யாருமே அதில் இல்லை.

அன்று மாலை குழாயடியில் இது பேச்சானது. எதிர்வீட்டு கோரா வாளியை வைத்துவிட்டு, "உங்க தாத்தா பேரு அதுல எங்கதான் இருந்துச்சு, சோப்பு நுரையிலயா?" என்று கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். லோயிஸ் வாளியைப் பாதி நிரம்பியபடியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பியூலா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் வந்து கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டே, "அண்ணே, அந்தக் கத்திய இதுவரைக்கும் யாரும் கையில எடுத்துப் பாத்ததில்ல, வாசிச்சுதான் பாத்திருக்காங்க" என்றாள்.

1927 பிப்ரவரி 12, சனிக்கிழமை மதியம், அவளும் நானும் காட்சிச்சாலைக்குப் போனோம். ஏன் மூன்று மாதம் தாமதம் என்றால், அதற்கு முன் எனக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடைக்கவில்லை. தனியாகப் போக அவளுக்குப் பிடிக்கவில்லை, உள்ளே போக எதிலாவது கையெழுத்துக் கேட்பார்களோ என்று. யாரும் கேட்கவில்லை. ஃபெல் கத்தியை வெல்வெட் துணியில் வைத்துக் கொடுத்தார். பியூலா முத்திரைப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கத்தியை மல்லாத்தி, கழுத்தின் அடியில் விரல் வழுக்காமலிருக்க அரத்தால் போட்டிருக்கும் சின்ன வெட்டுகளில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். ஓட்டிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

"இது பீச்சாங்கை ஆளு வேலை சார்" என்றாள்.

ஃபெல் புன்னகைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். பழைய பட்டறைக்காரர்கள் சிலர் பிடியின் உட்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், தங்கள் பெயரைக் கீறி வைப்பதுண்டாம். கத்தியைப் பிரித்து உள்ளே ஆர்ம்ஃபீல்ட் என்று இருந்தால் அட்டையை மாற்றிவிடுவதாகவும், இல்லாவிட்டால் கிரிம்வுட் என்றே இருக்கட்டும் என்றும் சொன்னார். பெட்டியை மார்ச் 16-இல் திறக்க முடிவாகியிருந்தது. நூறு வருடக் கொம்பு, கைப்பழக்கம் இல்லாதவர் பிரித்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் அவரே அதை சேத்தின் பட்டறைக்குக் கொண்டுவரச் சம்மதித்தார்.

வந்த நாள் பிப்ரவரி 21, திங்கள். சேத் பழைய காலத்து ஆள், அந்தக் காலப் பட்டறைக்காரர்கள் மாதிரி திங்களையும் பாதி விடுமுறையாக வைத்து, பேருக்குத்தான் பட்டறையைத் திறப்பார். அதனால் இடம் அமைதியாக இருந்தது. நான் என் வேலை முறையை வேறொருவரோடு மாற்றிக்கொண்டேன். லோயிஸ் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, கவிழ்த்த தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். சேத் ஃபெல்லுக்கு டீ கொடுத்தார். கோப்பையில் எஃகுத்தூள் மிதந்தது. ஃபெல் அதைப் பார்த்தும் குடித்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பியூலா ஆணியின் தலையை நுண்ணரத்தால் தேய்த்தெடுத்தாள், வளையங்களைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டாள், ஆணியைத் தட்டி வெளியேற்றினாள். கொம்புப் பிடி இரண்டு பாதியாகத் திறந்தது. உள்ளே துருவும் சோப்பும் சேர்ந்து இறுகிப்போயிருந்தன. ஈரத்துணியால் துடைத்தாள். ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். ஃபெல் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். எல்லோரும் பார்த்தோம்.

ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

லோயிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஃபெல் வருத்தப்படுவதாகச் சொன்னார், உண்மையாகவே சொன்னார். பையை எடுக்கக் குனிந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றாள் பியூலா. "பேரு கீறி வைக்கிறதுக்கு அவருக்கு எழுதத் தெரிஞ்சிருக்கணும்ல. லோயிஸம்மா, உங்க தாத்தாவுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாதும்மா. பெருக்கல் குறிதான் போடுவாரு."

"நானும் அப்படித்தான். அதனால நான் ஒண்ணும் செய்யலைன்னு ஆயிடுமா?"

பிறகு அவள் செய்ததை நான் அங்கேயே குறித்து வைத்தேன். சேத்தைக் கூப்பிட்டு, இன்னும் காய்ச்சி இறுக்காத ஒரு கத்திக் கழுத்தைப் பிடிப்பானில் மாட்டி, அடிப்பக்கத்தில் ஏழு வெட்டு போடச் சொன்னாள். அவர் வலது கைக்காரர். ஏன், எதற்கு என்று முனகிக்கொண்டே போட்டார். அடுத்து இன்னொரு கழுத்தை மாட்டி, இவள் இடது கையால் ஏழு வெட்டு போட்டாள். இரண்டையும் பழைய கத்தியோடு வரிசையாக வைத்தாள். சேத்தின் வெட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பியூலாவின் வெட்டுகள் மறுபக்கம். அரம் நுழைந்த பக்கம் ஆழம், வெளியேறிய பக்கம் மேலோட்டம். அதுவும் இரண்டிலும் எதிரெதிராக இருந்தது. பழைய கத்தி பியூலாவின் பக்கம் நின்றது.

சேத் தலையைச் சொறிந்தார். "நாப்பது வருஷமா அரம் போடறேன், சாய்வா போடறேன்னு ஒருத்தனும் சொல்லல."

"உங்களச் சுத்தி எல்லாரும் அதே பக்கம் சாஞ்சவங்கதானே, எப்படித் தெரியும்" என்றாள் இவள்.

ஃபெல் பையைக் கீழே வைத்துவிட்டு மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி நியாயமானது. இடது கைக்காரர் செய்தது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் நூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் இடது கைக்காரர் ஒருவர்தான் இருந்தாரா? கிரிம்வுட்டுக்கு வேலை செய்தவர்களில் இன்னும் பத்துப் பேர் இருந்திருக்கலாமே.

பியூலா பழைய கத்தியை மறுபடி எடுத்து நகத்தை ஓட்டினாள். இந்த முறை எண்ணிக்கொண்டே ஓட்டினாள்.

"ஆறு வெட்டு ஒரே அளவு. ஏழாவது பாதிதான் இருக்கு. கைய சீக்கிரம் எடுத்துட்டாரு. இது அவசரம் இல்ல சார், பழக்கம். நான்கூட கடைசி ஆணிக்கு ஒரு தட்டு கம்மியாதான் தட்டுவேன், சேத் திட்டுவாரு." பிறகு லோயிஸ் பக்கம் திரும்பினாள். "அவர் செஞ்ச வேற கத்தி ஏதாவது வீட்டுல இருக்கா?"

லோயிஸ் இல்லை என்று தலையாட்டினார். நல்ல கத்தி எதுவும் இல்லை என்றார். அப்புறம், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் மாதிரி, "உருளைக்கிழங்கு உரிக்கிறது ஒண்ணு இருக்கு. எனக்கு எட்டு வயசுல, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கும்போது எனக்காகச் செஞ்சு குடுத்தாரு. ஆனா அதுல முத்திரையே கிடையாதும்மா" என்றார்.

எங்கே என்று கேட்டாள் பியூலா. லோயிஸ் ஏப்ரன் பைக்குள் கைவிட்டு எடுத்தார். மதியச் சமையலுக்கு உரித்துவிட்டு அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அந்தக் கத்தியை எனக்குத் தெரியும். அவர் வீட்டில் நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்ததும் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். முத்திரை இல்லை என்று கீழே வைத்திருக்கிறேன். கோராவும் பார்த்திருப்பாள், சேத்தும் பார்த்திருப்பார். ஐம்பது வருடமாக முற்றத்தில் எல்லோருடைய கையிலும் இருந்த கத்தி அது. அதில் பெயர் இல்லாததால் யாருமே மேற்கொண்டு பார்க்கவில்லை.

பியூலா அதில் ஒட்டியிருந்த கிழங்கு மாவைத் தன் பாவாடையில் துடைத்தாள். கழுத்தின் அடியில் ஏழு வெட்டு. எல்லாம் அவள் பக்கம் சாய்ந்தவை. ஆறு ஒரே அளவு. ஏழாவது பாதி.

அவள் இரண்டு கத்தியையும் ஃபெல்லின் கையில் கொடுத்து, "கண்ணால வேண்டாம் சார், நகத்தால பாருங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். படித்தவர்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒன்றில் ஓட்டினார், மற்றதில் ஓட்டினார், பிறகு யார் செய்தது என்று லோயிஸிடம் மறுபடி கேட்டு, அவர் நேரில் நின்று பார்த்ததை உறுதிசெய்துகொண்டார்.

"எந்தக் கையால செஞ்சாரு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"பீச்சாங்கைதான் சார், அதத்தான் பாத்துட்டே இருந்தேன். வேடிக்கையா இருந்துச்சு. அடுப்புப் பக்கம் முழங்கை இடிச்சிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்வாரு" என்றார் லோயிஸ். அந்த வார்த்தையையும் சொன்னார். ஃபெல் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அட்டையை மாற்றுவதாக ஃபெல் சொன்னார். முத்திரை கிரிம்வுட், செய்தவர் ஜேபஸ் ஆர்ம்ஃபீல்ட். ஆனால் புத்தகத்தில் இல்லாத பெயரை அட்டையில் எழுதினால், அது எப்படித் தெரியவந்தது என்று கண்டுபிடித்தவர் எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்று அவருடைய கோப்பில் இருக்க வேண்டும். பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அது இல்லாவிட்டால் அவருக்கு மேலே உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பியூலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, குறி போட்டு இரண்டு சாட்சி போட்டாலும் சட்டப்படி செல்லும் என்று சேர்த்துச் சொன்னார். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், 14-ஆம் தேதி, வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எஃகுத்தூள் டீயை முழுவதும் குடித்திருந்தார்.

தாளை அன்று இரவே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு பக்கம். எந்தச் சொல்லையும் நான் சேர்க்கவில்லை. இடது கைக்காரர் என்று எழுதப் போனபோது, பீச்சாங்கை என்றே எழுது, அப்படித்தான் அவரையும் கூப்பிட்டிருப்பார்கள் என்றாள். கீழே குறி போடப் பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"அந்த மனுஷன் வாழ்க்கை பூரா இன்னொருத்தன் பேரத்தானே அடிச்சாரு. இப்பதான் அவர் பேரு வருது. அதுக்குக் கீழ நான் பெருக்கல் குறியா போடறது? நல்லாவா இருக்கும்?"

நான் எழுதிக் காட்டுகிறேன், பார்த்து எழுது என்றேன். வேண்டாம் என்றாள். எழுத்தெல்லாம் தனக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது என்றாள். தாளை மடித்து டீ டப்பாவில் வைத்தாள்.

அதன்பின் மூன்று வாரம் நான் அதிகம் தலையிடவில்லை. எனக்கு அது லேசாக இல்லை. லோயிஸ் மார்ச் முதல் வாரம் நெஞ்சுச் சளி பிடித்துப் படுக்கையில் கிடந்தார், அட்டை எழுதியாகிவிட்டதா என்று என்னை இரண்டு முறை கேட்டார். குறி போட்டுக் கொடுத்துவிடு, செல்லும் என்று ஃபெல்லே சொல்லிவிட்டார் என நான் பியூலாவிடம் ஒரு முறை சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று சேத் என் டிராமில் ஏறும்போது சொன்னார். பேனாவை அவள் தொடவே இல்லையாம். பட்டறையில் பித்தளைத் தகட்டுத் துண்டுகளில், பிடியில் அளவு குறிக்கும் எஃகு ஊசியால், இடது கையால், தன் பெயரைக் கீறுகிறாளாம். அந்த ஊசி பதினைந்து வருடமாக அவள் கையிலேயே இருப்பது. மதிய உணவு நேரத்தில் பத்து, சாயங்காலம் பத்து. கீறிய தகடுகளைப் பொத்தான் டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தாளாம். "'B' எழுத்து மட்டும் ஒரு வாரம் ஆச்சு. வயிறு ரெண்டும் ஒரே அளவுல வரணுமாம். அவ வயிறு, அவ பாடு" என்றார் சேத்.

ஃபெல் சொன்ன நாளில் மாலை நான்கு மணிக்கு வந்தார். நானும் போயிருந்தேன். லோயிஸ் வர முடியவில்லை, உருளைக்கிழங்குக் கத்தியை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார், அதுவும் பெட்டியில் பக்கத்தில் இருக்கட்டும் என்று. கிழங்கு உரிக்க கோரா தன் கத்தி ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தாள். அதில் முத்திரை இருக்கிறது என்று சொல்லியே கொடுத்தாளாம்.

பியூலா தாளை மேசையில் விரித்தாள். நான்கு மூலையிலும் நான்கு பிடி ஆணி டப்பாக்களை வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பேனாவை இடது கையில், ஊசியைப் பிடிப்பது மாதிரியே, நுனிக்கு மிக அருகில் பிடித்தாள். மை அழியாமல் இருக்கத் தாளைக் கிட்டத்தட்ட பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். சேத் சாணையை நிறுத்திவிட்டார். பியூலா ஹெல்லிவெல் என்று முழுப் பெயரையும் எழுத அவளுக்கு என் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆயிற்று. எழுத்துகள் எல்லாம் ஜேபஸின் வெட்டுகள் சாய்ந்த பக்கமே சாய்ந்திருந்தன. அடியில் தேதியையும் அவளே எழுதினாள்: 1927 மார்ச் 14, திங்கட்கிழமை.